ஸ்டெல்லாவுக்கு எந்த மானிட்டர்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். யார் கேட்டாலும் ஐந்து என்றுதான் சொல்வேன். அந்த ஐந்து பேரையும் ஆளாக்கியது, வெளித்தீவுக்காரர்களுக்குச் சாமான் வாங்கி அனுப்புகிற இந்த வேலைதான். எனக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. வெளித்தீவுக் கப்பல்கள் கிளம்புகிற ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கேட்டால் போதும், "சாமான் ரத்தினமா? குட்வில் எஸ்டேட்ல போய்ப் பாருங்க" என்று கை காட்டுவார்கள். இப்போதும் காட்டுவார்கள். நான் வேலையை விட்டது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி அனு எழுதுகிறாள். கண்ணாடிச் சாமானை எப்படிக் கட்டுவது, கப்பலில் யாரிடம் கொடுத்தால் மழையில் நனையாமல் போகும், இதெல்லாம் கொஞ்ச நாளில் கைக்குத் தானாக வந்துவிடும். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. போனில் ஒருத்தி, "எனக்குத் தெரியாது பெரியம்மா, நீங்களே பாத்து வாங்கிருங்க" என்பாள். அப்போது என்ன செய்வது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அப்படிச் சொன்னதும் நமக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். எனக்கும் இருந்திருக்கிறது. அந்தப் பெருமையோடு கடைக்குப் போகக் கூடாது. வெளியில் இறக்கிவைத்துவிட்டுப் போக வேண்டும்.

தீவுக்காரர்களான நம்மிடம் ஒரு கோளாறு உண்டு. எதை வாங்கினாலும் அது கப்பலில் போய்ச் சேருமா என்றுதான் முதலில் பார்ப்போம். வீட்டுக்கு ஏற்றதா என்று பிறகுதான் பார்ப்போம், பல நேரம் பார்க்கவே மாட்டோம். கழற்றி மாட்டுகிற பீரோவை எத்தனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்! தகடு தகடாகச் சுலபமாகப் போய்விடும். போன இடத்தில் கதவைத் திறக்கும்போதெல்லாம் வீடே ஆடும். ஜெட்டியில் சாமான் ஏற்றுகிற மேஸ்திரி ஒருவர் இருந்தார், பெங்காலி. என்னை மாசி என்பார், சித்தி என்று அர்த்தம். நான் ஒருமுறை அப்படி ஒரு பீரோவைக் கொண்டுபோனபோது, "மாசி, இது குடியிருக்கப் போவது கப்பலிலா, அவர்கள் வீட்டிலா?" என்று ஹிந்தியில் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கேள்வி மனதில் தங்கிவிட்டது. அதற்கப்புறம் எதை எடுத்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன்.

அந்தக் கேள்வி ஒருநாள் என்னையே தப்பான பக்கம் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. அதைத்தான் சொல்கிறேன்.

லாங் ஐலண்டில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். அவள் புருஷன் லூர்து படகில் மீன்பிடிக்கப் போகிறவன், போனால் சில நாள் கழித்துத்தான் வருவான். மாமியார் பிலோமினா கைகால் ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் இருப்பவள். வாய் மட்டும் விழவில்லை. கடலுக்கடியில் கேபிள் போட்டு அந்தத் தீவுக்கு நெட் வந்த பிறகு, ஸ்டெல்லாவுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துப் பார்த்து இன்சூரன்ஸ் கணக்கில் பதிய வேண்டும். கம்பெனியே லேப்டாப் கொடுத்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"பெரியம்மா, ஒரு மானிட்டர் வேணும். நாளைக்குக் கப்பல்லயே வரணும்."

"என்ன அவசரம் மகளே? டிவி மாதிரி இருக்குமே, அதுதானே?"

"அதேதான். ரெண்டு ஸ்கிரீன் இல்லாம இனி வீட்டுல இருந்து வேலை பாக்க முடியாதாம். திங்கக்கிழமை வீடியோவுல வந்து பாப்பாங்களாம். நான் ஆபீஸ் மாதிரி வெச்சிருக்கேனான்னு. சரியில்லன்னா சென்னைக்கு வந்து ஆபீஸ்ல உக்காருன்னு மெயில் போட்டுட்டாங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"ஆன்லைன்ல போட்டிருந்தேன் பெரியம்மா. ரெண்டு வாரம் காத்திருந்தேன். நேத்து, உங்க ஊருக்கு டெலிவரி கிடையாதுன்னு கேன்சல் பண்ணிட்டான்."

இந்தத் தீவுகளில் பிறந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிற பதில்தானே அது.

அவள் அழவில்லை. ஆனால் பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். சென்னைக்குப் போனால் மாமியாரை யார் பார்ப்பது? லூர்து படகை விட்டால் சோறு எங்கே? வேலையை விடலாம் என்றால், மாமியாரின் மருந்தும் பிசியோவுக்கு வருகிற ஆளின் கூலியும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அவள் சொல்லாமலே எனக்கு எல்லாம் தெரியும். அந்த வீட்டுக்கு வீல்சேர் வாங்கி அனுப்பியதே நான்தான்.

"எது வாங்குறதுன்னு தெரியல. சின்னதா, மடக்கிக் கையில கொண்டு போற மாதிரி ஒண்ணு இருக்காம், போர்ட்டபிளாம். பெரிசும் இருக்கு. நீங்களே பாத்து வாங்கிருங்க. உடையாம வந்தா போதும்."

உடையாமல் வந்தால் போதும். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பழைய மேஸ்திரியின் குரல் காதில் விழுந்தது. இவளும் கப்பலை நினைத்துத்தான் பேசுகிறாள் என்று தோன்றிவிட்டது.

ஜெட்டியில் சாயங்காலத்துக்குள் சாமானைக் கொடுத்தால்தான் மறுநாள் காலைக் கப்பலில் ஏறும். கடல் வேறு சரியில்லை. நாளைக் கப்பலுக்கு அப்புறம் அடுத்தது எப்போது என்று கேட்டால், "மௌசம் பாத்துச் சொல்றோம், காத்து மழை அடங்கட்டும்" என்றுதான் பதில் வந்தது. ஒரு தடவைதான் வாங்கலாம், ஒரு தடவைதான் அனுப்பலாம். தப்பானதை வாங்கிவிட்டால் மாற்றிக்கொடுக்கத் திங்கட்கிழமைக்குள் வழியில்லை.

அபர்தீன் பஜாரில் எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாபு, நம் தமிழர்தான். விஷயத்தைச் சொன்னதும் போர்ட்டபிளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பரீட்சை எழுதுகிற அட்டை மாதிரி இருந்தது. உறையையே மடக்கி முட்டுக் கொடுத்து நிறுத்தினார்.

"பாத்தீங்களா பெரியம்மா, ஏக்தம் ஹல்கா, வெயிட்டே இல்ல. புடவைக்கு நடுவுல வெச்சுக் கட்டினாலும் போயிரும்."

"புடவைக்கு நடுவுல வெச்சு வேலை பாக்க முடியாதுல்ல? வீட்டுல என்ன செய்யும்? அதைச் சொல்லுங்க."

"லேப்டாப் எவ்வளவோ அதே அளவுதான் தெரியும்."

"அப்ப பெரிசு?"

பெரியதைக் காட்டினார். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கழுத்தைக் குனிய வேண்டாம், கண்ணை இடுக்க வேண்டாம். நாள் முழுக்க பில் பார்க்கிறவளுக்கு இதல்லவா வேண்டும்? ஸ்டெல்லாவுக்கு அடிக்கடி தலைவலி வரும், மாத்திரையும் என்னிடம்தான் சொல்லி வாங்குவாள்.

"இதையே குடுங்க" என்றேன்.

"கப்பல்ல போய் உடைஞ்சா என்னைத் திட்டக் கூடாது."

"நான் கட்டி அனுப்பின கண்ணாடி எது உடைஞ்சிருக்கு? சொல்லுங்க பாப்போம்."

பாபு சிரித்துக்கொண்டே பெட்டியைத் தேடப் போய்விட்டார். தலையணை நடுவில் வைத்து, மேலே தெர்மோகோல் கொடுத்து, எப்படிக் கட்டுவது என்று நான் மனதுக்குள் கட்டவே ஆரம்பித்துவிட்டேன். கப்பலைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து வாங்குகிறேன் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. ஆனால் நான் எந்த வீட்டைப் பார்த்தேன்? அவள் வீட்டில் ஒரு மேஜை இருக்கும், அதன்முன் அவள் உட்கார்ந்திருப்பாள் என்று நானாக ஒரு வீட்டை நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

மேஜை எவ்வளவு நீளம் என்று கேட்பதற்காகத்தான் திரும்பப் போன் போட்டேன். ஸ்டெல்லா அடுப்படியில் இருந்தாளோ என்னவோ, எடுத்தது பிலோமினா. ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே வைத்திருப்பாள்.

"யாரு, ரத்தினமா? என்னத்த வாங்கித் தொலைக்கிய? டிவி பொட்டியாமே."

"உன் மருமகளுக்கு ஆபீஸ் போடுறோம் பிலோமினா. மேஜை எவ்வளவு நீளம்?"

"எந்த மேஜை?"

"அவ உக்காந்து வேலை பாக்குற மேஜை."

"அவ எங்க மேஜைல உக்காருதா? காலைல கொஞ்ச நேரம் இருப்பா. கரண்டு போச்சுன்னா எந்திரிச்சு என் கட்டிலுக்கு வந்துருவா. என் காலுமாட்டுலதான் ஆபீஸு. திரும்பிப் படுக்கணும்னா மேனேஜருகிட்ட லீவு கேக்கணும் போலுக்கு."

"அங்க ஏன் வர்றா?"

"இன்வெர்ட்டர் இந்த ரூமுக்கு மட்டுந்தானே! எனக்கு ஃபேன் ஓடணும்னு லூர்து போட்டான். ஃபேன் எனக்கு, ப்ளக்கு அவளுக்கு. நெட்டுப் பொட்டியும் என் தலைக்கு மேலதான் மினுக்கு மினுக்குன்னு எரியுது. நேத்துப் பூரா இங்கதான். எனக்கு ராத்திரி சொகமில்ல, பகல்ல என் பக்கத்துலயே இருந்தா பாவம்."

கடைசியில் 'பாவம்' என்றபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. அதற்குள் ஸ்டெல்லா வந்து போனை வாங்கிவிட்டாள். "அத்த சொல்றத விடுங்க பெரியம்மா" என்றாள்.

விடவா? அங்கேதான் நான் பிடித்துக்கொண்டேன்.

"மகளே, இந்த வாரம் மேஜையில எவ்வளவு நேரம் இருந்த, கட்டில் பக்கம் எவ்வளவு நேரம் இருந்த? நிஜத்தைச் சொல்லு."

"கட்டில் பக்கம்தான் ஜாஸ்தி" என்றாள். ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி சொன்னாள். "கம்பெனிக்கிட்ட மேஜைதான் ஆபீஸ்னு சொல்லியிருக்கேன். ஆனா கரண்டு..." என்று இழுத்தாள்.

பெரிய மானிட்டரை வாங்கி அனுப்பியிருந்தால் முன்னறையில் அது கறுப்பாக நின்றிருக்கும், இவள் உள்ளறையில் ஒற்றைத் திரையோடு உட்கார்ந்திருப்பாள். கரண்டு போகும்போதெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு ஓட முடியுமா? மேஸ்திரியின் கேள்விக்கு நான் பாதிப் பதில்தான் கண்டுபிடித்திருந்தேன். வீட்டில் குடியிருக்கும் என்பது சரி. வீட்டில் எந்த இடத்தில்?

"பாபு, பெட்டியை வைங்க. சின்னதே வேணும்" என்றேன்.

"அரே பெரியம்மா! இப்பதானே மேல இருந்து இறக்கினேன்."

"ஏத்திருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினார். ஆனால் நல்ல மனிதர், வியாபாரம் முடிந்தால் போதும் என்று விடவில்லை. அவள் லேப்டாப்பின் பக்கவாட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, நான் கையில் பிடித்திருந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இது ஒத்த வயருல ஓடுறது. அந்த லேப்டாப்புல அதுக்கு உண்டான ஓட்டை இல்ல. இதை அனுப்பினா அங்க போய்ச் சும்மா கண்ணாடிதான்."

"வேற இல்லையா?" என்றேன். இருந்தது ஒன்றே ஒன்று. படத்துக்கு ஒரு வயர், கரண்டுக்குத் தனி வயர். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது என்றார். ஒற்றை வயர்க்காரன் லேப்டாப் பேட்டரியிலிருந்தே குடிப்பான், இவனுக்குப் பவர்பேங்கில் இருந்து கொடுக்கலாம், லேப்டாப் சீக்கிரம் படுக்காது என்றார். ஒரு பவர்பேங்கை எடுத்து மாட்டி என் கண்ணுக்கு முன்னால் ஓட்டிக் காட்டச் சொன்னேன். காட்டினார். படம் வந்தது. ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று ஒரு டீ குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அணையவில்லை. இரண்டையும் வாங்கிவிட்டேன்.

எழுத்து சின்னதுதான். அதை நான் ஸ்டெல்லாவிடம் மறைக்கவில்லை. "தலைவலி வரும் மகளே. எழுத்தைப் பெரிசாக்கி வெச்சுக்கோ. குனியாம பாக்குற மாதிரி உயரத்துல வை" என்று சொன்னேன். ஒரு பொருளில் எது குறை என்று தெரிந்து வாங்கினால் அதோடு வாழலாம். நாம் சொல்லாமல் விட்டு, அவர்களாகக் கண்டுபிடித்தால்தான் நம் பெயர் கெடும்.

சாயங்காலம் ஜெட்டியில் கொடுத்தேன். மறுநாள் கப்பல் கிளம்பியது. அங்கே ஜெட்டிக்கு ஸ்டெல்லா போய் வாங்கிக்கொண்டாள். லூர்து மீன்பெட்டிப் பலகையில் ஒரு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனானாம். மீன் வாசம் போகவில்லையாம், அது வீடியோவில் தெரியாது என்று நான் சொன்னேன்.

திங்கட்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மருமகள், "உங்களுக்கா இன்டர்வியூ?" என்று கேலி செய்தாள். செய்யட்டும். நாம் பார்த்து வாங்கிய பொருள் ஒரு வீட்டில் சோதனைக்கு நிற்கும்போது நாமும் அங்கேதான் நிற்கிறோம். அது தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

அங்கே நடந்ததை ஸ்டெல்லா பிறகு சொன்னாள். முன்னறை மேஜையில் இரண்டு திரையும் வைத்து, பின்னால் நல்ல படுதா போட்டு, தலைவாரி உட்கார்ந்திருக்கிறாள். கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வீடியோவில் வந்திருக்கிறார். நாற்காலியைக் காட்டு, கதவைக் காட்டு என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விட்டது. நெட்டுப் பெட்டி இன்வெர்ட்டரில் ஓடுவதால் லைன் மட்டும் அறுபடவில்லை.

"இப்ப என்ன செய்வீங்க?" என்று மேடம் கேட்டிருக்கிறார்.

ஸ்டெல்லா லேப்டாப்பை ஒரு கையிலும் போர்ட்டபிளை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்து வயரை மாட்டிவிட்டாள். இரண்டு திரையும் எரிந்தன. "இங்க இன்வெர்ட்டர் இருக்கு மேடம். கரண்டு போனா இதுதான் என் இடம்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

மேடத்தின் முகம் மாறியதாம். "பின்னாடி கட்டில்ல யாரு? பேஷன்ட்டோட பில்லை வெளி ஆள் யாரும் பாக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கே."

ஸ்டெல்லா வாயைத் திறப்பதற்குள் பிலோமினா திறந்துவிட்டாள். "நான் பாத்து என்னத்தத் தாயி கண்டேன்? எனக்கு இவ மூஞ்சியே மங்கலாத்தான் தெரியுது. சோத்துல உப்பு இல்லன்னாத்தான் இவ வந்துட்டான்னு தெரிஞ்சுக்குவேன்."

மேடம் சிரித்துவிட்டாராம். ஆனால் சிரித்தபடியே விடவில்லை. "அம்மா இருக்கிறது பிரச்சினை இல்ல. ஸ்கிரீன் அவங்க பக்கம் பாக்காம வைக்க முடியுமா?"

லேப்டாப்பையும் அந்த அட்டைத் திரையையும் எடுத்து, தான் சுவர்ப்பக்கம் முதுகைக் கொடுத்து உட்காருகிற மாதிரி மாற்றிவைக்க ஸ்டெல்லாவுக்கு மூச்சுவிடுகிற நேரம்கூட ஆகவில்லை. இப்போது கட்டிலிலிருந்து பார்த்தால் இரண்டு திரையின் முதுகு மட்டும்தான் தெரியும். "இப்படியே எப்பவும் வெச்சுக்கணும்" என்று மேடம் படம் பிடித்துக்கொண்டார். முடிவை மெயிலில் சொல்கிறோம் என்று போய்விட்டார்.

அந்த மெயில் வருகிறவரை இருந்தோமே, அதுதான் பாடு. எனக்கு வேண்டாத யோசனையெல்லாம் வந்தது. கட்டிலைக் காட்டியிருக்கவே வேண்டாமோ? அவளை மேஜையிலேயே உட்காரச் சொல்லியிருக்கலாமோ? பொழுது சாய்கிற நேரத்தில் போன் அடித்தது. எடுத்தால் எதிர்ப்பக்கம் விம்மல் மட்டும்.

"சொல்லித் தொலையேன்டி!" என்று பின்னால் பிலோமினா கத்தினாள். "ரத்தினம், பாஸாயிட்டா! எங்கயும் போகல! இங்கயேதான்!"

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். இருட்டிவிட்டதுகூடத் தெரியவில்லை, மருமகள் வந்து லைட்டைப் போட்டாள். அப்புறம்தான் பசித்தது. காலைச் சோற்றையே மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசி.

இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் ஆபீஸ் போடுகிற எல்லோருக்கும் போர்ட்டபிள்தான் நல்லது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மாதமே எங்கள் எஸ்டேட்டில் குடியிருக்கிற, வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிற ஒருவர், ஸ்டெல்லா கதையைக் கேட்டு அதே மாதிரி வேண்டும் என்று வந்தார். அவருக்குத் தனி அறை, அசையாத மேஜை, வீடு முழுக்க இன்வெர்ட்டர். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். "உங்களுக்கு எதுக்குத் தூக்கிட்டுப் போற சாமான்? எங்க தூக்கிட்டுப் போகப் போறீங்க?" என்று கேட்டேன். பெரியதுதான் வாங்கினார். இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

அதனால் பெண்களே, ஒருத்தி போனில் பாத்து வாங்குங்க என்றால், என்ன வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன வேண்டும் என்று கேட்டால், வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாளோ அதைத்தான் சொல்வாள். நேற்று எங்கே உட்கார்ந்தாய், கரண்டு போனதும் எங்கே எழுந்து போனாய் என்று கேளுங்கள். அவள் சொல்லத் தயங்கினால் அந்த வீட்டில் வேறு யாராவது சொல்வார்கள். எரிச்சலாகப் பேசுகிறவர்களிடம் காதைக் கொடுங்கள். அவர்கள் வாயில்தான் வீட்டு நிஜம் இருக்கும்.

போதும். அனு, பேனாவை வை. எழுதினதை வாசி, கேட்கிறேன். நான் சொல்லாத பெரிய பெரிய வார்த்தை எதையாவது சேர்த்திருந்தால் இப்போதே அடித்துவிடு. முதலிலிருந்து வேண்டாம் கண்ணு. பாஸாயிட்டா என்று பிலோமினா கத்தினாளே, அங்கிருந்து வாசி.